இயந்திரம் மாண்டாலும் எழுத்து மாளாது
(பழுதுற்ற சேவையகத்தின் வன்தட்டை வேறொரு கணினியிற் பூட்டி, அதன்கண் உள்ளவற்றை மீட்கும் முறை பற்றிய ஒரு பாடம்)

தோற்றுவாய்

எழுத்து வேறு, எழுத்தைத் தாங்கும் பொருள் வேறு. முற்காலத்திற் கல்லும் செப்பேடும் பனையோலையும் எழுத்தைத் தாங்கின. பின்னர்த் தாள் தாங்கிற்று. இக்காலத்தில் அப்பணியின் பெரும்பகுதி கணினியின் வன்தட்டிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பு, தவணைப் பரீட்சைப் புள்ளிகள், பழைய மாணவர் பெயர்ப்பட்டியல், கோயிற் கணக்கு, வாசிகசாலையின் நூற்பட்டியல் ஆகிய யாவும் இன்று ஏதோ ஓர் அறையின் மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியினுள் அடங்கிக் கிடக்கின்றன. பல கணினிகளுக்குப் பொதுவாக நின்று, கேட்போர்க்குக் கேட்டதை எடுத்து வழங்குவதால் அப்பெட்டி சேவையகம் எனப் பெயர் பெற்றது.

அச்சேவையகம் ஒருநாள் இயங்க மறுக்கும். பொத்தானை அழுத்தினாலும் விளக்கு எரியாது. எரிந்தாலும் திரையில் ஒன்றும் தோன்றாது. அப்பொழுது அதற்குப் பொறுப்பாயிருப்போர் இருவகைத் தவறுகளுள் ஒன்றைச் செய்கின்றனர். எல்லாம் போயிற்று என்று கைவிடுதல் ஒன்று. கண்டபடி திருத்த முயன்று, உள்ளிருந்ததையும் அழித்துவிடுதல் மற்றொன்று. முன்னையது அறியாமை, பின்னையது அவசரம். இவ்விரண்டுள் அவசரமே பெருங்கேடு விளைப்பது. இவ்விரு தவறுகளையும் நீக்கி, மீட்புப் பணியை எவ்வொழுங்கிற் செய்தல் வேண்டும் என்பதனைத் தொழில்நுட்பம் பயிலாதோரும் விளங்கிக்கொள்ளுமாறு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்தட்டின் இயல்பு

முதற்கண் வன்தட்டு யாது என்பதனை அறிதல் வேண்டும். காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகள் சுழல, அவற்றின்மீது ஒரு முனை நகர்ந்து எழுதவும் வாசிக்கவும் செய்யும் பொறியை 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதன்கண் 24 அங்குல விட்டமுடைய 50 தகடுகள் இருந்தன. அவையெல்லாம் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துக்களைத் தாங்கின. அப்பொறி ஓர் அலுமாரியினும் பெரிது. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு அதனினும் இலட்சக்கணக்கான மடங்கு தாங்குகின்றது.

அளவு மாறினும் அமைப்பு மாறவில்லை. தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். சேவையகங்களுக்கென்றே செய்யப்பட்டவற்றுட் சில 10,000 அல்லது 15,000 முறை சுழல்வன. வாசிப்புமுனை தகட்டைத் தொடுவதில்லை. தலைமயிரின் தடிப்பிற் பல்லாயிரத்திலொரு பங்கு இடைவெளியில், சுழற்சியால் எழும் காற்றின்மீது மிதந்து செல்லும். அவ்விடைவெளியில் ஒரு தூசி புகுந்தாலும் அது பாறை புகுந்ததை ஒக்கும். ஆகவே வன்தட்டின் மூடியை வீட்டிலோ அலுவலகத்திலோ திறந்து பார்த்தல் எவ்வாற்றானும் தகாது.

இனி, தட்டிற் பதிந்தவை எவ்வாறு ஒழுங்குபட்டுள்ளன என்பதனை நோக்குவாம். தட்டின் பரப்பு 512 அல்லது 4,096 பைற்று கொண்ட சிறு துண்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. எந்தக் கோப்பு எந்தெந்தத் துண்டங்களில் உள்ளது என்பதனைக் குறிக்கும் அட்டவணை தனியே உண்டு. நூலுக்குப் பொருளடக்கம் எப்படியோ தட்டுக்கு இவ்வட்டவணை அப்படி. பொருளடக்கம் கிழிந்த நூலில் அதிகாரங்கள் அழிவதில்லை. அவற்றைத் தேடிக் காண்பதுதான் அரிதாகின்றது. காந்தத் தட்டில் ஒரு கோப்பை நீக்கும்போதும் பெரும்பாலும் அட்டவணையிலுள்ள குறிப்பே நீங்குகின்றது. எழுத்து, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை, இருந்த இடத்திலேயே இருக்கும். மீட்புக் கலை முழுவதும் இவ்வொரு செய்தியையே அடிப்படையாகக் கொண்டது. எஸ்.எஸ்.டி. எனப்படும் தகடற்ற தட்டுக்களில் இது பொருந்தாது. நீக்கப்பட்ட இடத்தை அவை தாமாகவே விரைவில் துடைத்து வெறுமையாக்கிவிடுதல் உண்டு; ஆதலின் அவற்றில் நீக்கியதை மீட்டல் மிக அரிது.

மாண்டது எது?

சேவையகம் நின்றுவிட்டது என்றமாத்திரத்தில் வன்தட்டும் நின்றுவிட்டது எனக் கொள்ளுதல் பிழை. சேவையகம் பல உறுப்புக்களின் கூட்டம். மின்னோட்டத்தை ஏற்ற அளவில் மாற்றித் தரும் வலு வழங்கி, உறுப்புக்களையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகை, நினைவகம், விசிறி என்பவற்றுள் எது கெட்டாலும் பெட்டி நின்றுவிடும். மின்தடையும் மின்னலும் மிக்க நம் நாட்டில் முதலிற் பழுதுறுவது பலவேளைகளில் வலு வழங்கியே. அந்நிலையில் வன்தட்டு நலமாகவே இருக்கும். வண்டி உடைந்தது, சுமை உடையவில்லை. சுமையை வேறு வண்டியில் ஏற்றினாற் போதும். வன்தட்டை வேறொரு கணினியிற் பூட்டி வாசித்தல் என்பது இதுவே.

வன்தட்டே பழுதுற்றிருப்பின் அதற்கு வேறு குறிகள் உண்டு. மின் கொடுத்தவுடன் ஒரே சீராகக் 'கிளிக், கிளிக்' என்னும் ஒலி எழுமாயின் வாசிப்புமுனை தன் இடத்தைக் காணாது தடுமாறுகின்றது என்று கொள்க. உரசும் ஒலி எழுமாயின் முனை தகட்டைத் தீண்டிற்று என்று கொள்க. இவ்விரு நிலைகளிலும் உடனே மின்னை நிறுத்தல் வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தல், புண்ணின்மீது நடப்பதுபோல, ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு பகுதி எழுத்தைச் சுரண்டிவிடும். தட்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் ஓடும் என்று சொல்வோர் உளர். அதனால் உள்ளே ஈரம் படிதலே மிஞ்சும். இத்தகைய தட்டு, தூசியற்ற அறையும் உரிய கருவிகளுமுடைய மீட்பு நிலையத்தார் கைக்கே செல்லுதற்குரியது.

பெயர்த்தெழுதல் முதற் கடமை

தட்டு சுழல்கின்றது, தீய ஒலி எழவில்லை, மற்றொரு கணினியும் அதனை அறிந்துகொள்கின்றது. அடுத்து யாது செய்வது? கோப்புக்களைத் திறந்து பார்ப்போம் என்று மனம் விரையும். இங்கேதான் நிற்றல் வேண்டும். திறந்து பார்த்தல் இரண்டாவது வேலை. முதல் வேலை பிரதி செய்தல்.

இவ்வொழுங்கு தமிழர்க்குப் புதியதன்று. பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பதில்லை. அது செல்லரித்து ஒடியுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதப்பட்டமையாலேயே நம் பழைய நூல்கள் நம்மை வந்தடைந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881 ஆம் ஆண்டில் வீரசோழியத்தையும், 1885 ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் அச்சேற்றியபோது அவர் கைக்கு வந்த ஏடுகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அத்தகைய ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் படித்துப் பொருள் தேடுவோமாயின், பொருள் கிடைக்குமுன் ஏடு போய்விடும். முதலில் உள்ளது உள்ளபடி ஒருமுறை பெயர்த்துக்கொண்டு, பின்னர்ப் பிரதியை வைத்து ஆராய்தலே ஏட்டுக்கும் பாதுகாப்பு, ஆராய்ச்சிக்கும் பாதுகாப்பு.

வன்தட்டிலும் அதுவே முறை. தட்டிலுள்ள ஒவ்வொரு துண்டத்தையும், அது கோப்பைச் சேர்ந்ததாயினும் வெறுமையாயினும், தொடக்கம் முதல் இறுதிவரை அப்படியே வேறொரு பெரிய தட்டிற்குப் பெயர்த்தெடுத்தல் வேண்டும். இவ்வாறு பெற்ற பிரதியைத் தட்டுவிம்பம் என்னலாம். லினக்ஸ் முறைமையில் இயங்கும் 'டிடிரெஸ்கியூ' என்னும் இலவச மென்பொருள் இதற்கென்றே அமைந்தது. அது முதலில் எளிதில் வாசிக்கக்கூடிய பகுதிகளையெல்லாம் எடுத்துவிடும். கடினமான இடங்களை ஒரு குறிப்பேட்டிற் குறித்து வைத்து இறுதியிலே மீண்டும் முயலும். இடையில் நின்றுவிட்டாலும் அக்குறிப்பேட்டின் துணைகொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். நோயுற்ற தட்டு எக்கணத்திலும் நின்றுவிடலாம் ஆதலின், எளிதானதை முதலிற் கைக்கொள்ளும் அவ்வொழுங்கு பொருத்தமானதே.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டெராபைற்று கொள்ளும் தட்டை நொடிக்கு 100 மெகாபைற்று வீதம் வாசிப்போமாயின் 10,000 நொடி, அஃதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் செல்லும். தட்டிற் பழுதான இடங்கள் மிகுந்தாற் பல நாட்களும் செல்லலாம். பொறுமை இங்கு ஒரு கருவி.

வேறொரு கணினியிற் பூட்டும் முறை

இனிப் பூட்டும் முறையைப் படிப்படியாக உரைப்பாம்.

முதலாவது, சேவையகத்தின் மின்னிணைப்பை முற்றாக நீக்கிய பின்னரே வன்தட்டைக் கழற்றுக. உடலில் தங்கும் நிலைமின் தட்டின் அடியிலுள்ள மின்சுற்றைக் கெடுக்கும். ஆதலின் நிலத்தொடுப்புள்ள உலோகமொன்றைத் தொட்டபின் தட்டைத் தொடுக. ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுக்கள் இருப்பின், எது எந்த அறையில் இருந்தது என்பதனை ஒவ்வொன்றின் மேலும் எண்ணிட்டு எழுதுக. இவ்வொரு நிமிட வேலை பின்னர் ஒரு வார வேலையைத் தவிர்க்கும்.

இரண்டாவது, தட்டின் இணைப்பு வகையை அறிக. பொதுவாகக் காணப்படுவது 'சாட்டா' வகை; அது சாதாரண மேசைக் கணினியிலும் பொருந்தும். சேவையகங்கள் சிலவற்றில் 'சாஸ்' வகை இருக்கும். அதனைச் சாதாரண கணினியிற் பூட்ட இயலாது, அதற்குரிய இணைப்பட்டை வேண்டும். யூ.எஸ்.பி. இணைப்பான் மூலமாகவும் சாட்டாத் தட்டைப் பூட்டலாம். எனினும் அவ்விணைப்பான்களுட் சில, துண்டத்தின் அளவை மாற்றிக் காட்டுவதால், நலமான தட்டும் வெறுந்தட்டுப்போலத் தோன்றும். அப்போது மனந்தளராது, தாய்ப்பலகையில் நேரே பூட்டிப் பார்க்க.

மூன்றாவது, பூட்டிய கணினியைப் பழைய தட்டிலிருந்து தொடங்க விடற்க. தொடங்குமாயின் அதிலுள்ள பணிசெயல் முறைமை விழித்துக்கொண்டு தன் குறிப்புக்களைத் தட்டிலே எழுதத் தலைப்படும். லினக்ஸ் முறைமை பதித்த ஒரு யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து கணினியைத் தொடங்கி, பழைய தட்டை வெறும் பொருளாகவே வைத்து நோக்குதல் நலம்.

நான்காவது, லினக்ஸ் சேவையகத்தின் தட்டை விண்டோஸ் கணினியிற் பூட்டினால், விண்டோஸுக்கு அதன் கோப்பு முறைமை விளங்காது. விளங்காமையை ஒப்புக்கொள்ளாது, 'இத்தட்டைப் பயன்படுத்துமுன் வடிவமைத்தல் வேண்டும், வடிவமைக்கவா?' என்று பணிவாகக் கேட்கும். அக்கேள்விக்கு 'ஆம்' என்று விடைகூறுவது, வாசிக்கத் தெரியாத ஏட்டை வெற்றோலை என்று எண்ணி அதன்மேல் எழுத்தாணியை ஓட்டுவதற்கு ஒப்பாகும். 'இல்லை' என்பதே விடை.

ஐந்தாவது, முன்னர்க் கூறியவாறு விம்பம் எடுத்து முடிந்தபின், மூலத் தட்டைக் கழற்றி உறையிலிட்டுப் பெயரும் நாளும் எழுதிப் பூட்டி வைக்க. இனிச் செய்வனவெல்லாம் பிரதியின்மேலேயே செய்யப்படும். பிரதியையும் 'வாசிக்க மட்டும்' என்னும் முறையிலே திறத்தல் நன்று. இங்கு ஒரு நுட்பம் உண்டு. லினக்ஸிற் பெருவழக்கான ஈ.எக்ஸ்.ரி.4 என்னும் கோப்பு முறைமை, முடிவுறாத வேலைகளை ஒரு நாட்குறிப்பில் எழுதி வைப்பது. 'வாசிக்க மட்டும்' என்று திறந்தாலும் அது அந்நாட்குறிப்பை நோக்கி, விடுபட்ட வேலைகளை முடிக்க முற்பட்டுத் தட்டில் எழுதிவிடும். நாட்குறிப்பை ஏற்றாதே என்று தனியே ஆணையிட்டாலன்றி நில்லாது. மூலத்தைத் தொடாது பிரதியிலே வேலை செய்வார்க்கு இத்தகைய நுட்பங்களாற் கேடு வாராது. பிரதி கெட்டால் மற்றொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாவது, கோப்புக்கள் தோன்றியும் 'உனக்கு உரிமை இல்லை' என்று முறைமை தடுக்கலாம். லினக்ஸ் உரிமையாளரைப் பெயரால் அறிவதில்லை; எண்ணாலே அறியும். பழைய சேவையகத்தில் 1000 என்னும் எண் ஒருவருக்கு உரியதாயிருக்க, புதிய கணினியில் அதே எண் வேறொருவருக்கு உரியதாயிருக்கும். ஆதலாற் கோப்புக்கள் ஆள்மாறித் தோன்றும். முறைமையின் தலைமை உரிமையோடு அவற்றைப் படியெடுத்துப் பின்னர் உரிமையை ஒழுங்குசெய்தல் வேண்டும்.

அட்டவணை அடியோடு சிதைந்திருப்பினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 'ரெஸ்ட்டிஸ்க்' என்னும் மென்பொருள் தொலைந்த பிரிவுகளைத் தேடிக் காட்டும். 'போட்டோரெக்' என்பது அட்டவணையையே நோக்காது, ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் முறையை அடையாளமாகக் கொண்டு துண்டங்களிலிருந்து கோப்புக்களைத் திரட்டும். ஆயினும் இவ்வாறு திரட்டியவற்றுக்குப் பழைய பெயரும் இருப்பிடமும் இரா. ஆயிரக்கணக்கான கோப்புக்களைத் திறந்து பார்த்துப் பெயரிடுதல் மனிதர் கடன்.

கூட்டுத் தட்டுக்களும் பூட்டிய தட்டுக்களும்

சேவையகங்களிற் பல தட்டுக்களை ஒன்றாகக் கூட்டி ஒரே தட்டாகப் பயன்படுத்துதல் வழக்கம். அதனை 'ரெயிட்' என்பர். அதன் முதல் வகையில் இரு தட்டுக்களிலும் ஒன்றே எழுதப்படும். ஆதலின் ஒன்று போயினும் மற்றையது போதும். ஐந்தாம் வகையில் மூன்றோ அதன் மேலோ ஆகிய தட்டுக்களில் எழுத்துப் பங்கிடப்பட்டு, அப்பங்குகளிலிருந்து கணித்த ஒரு சரிபார்ப்புப் பங்கும் உடன் எழுதப்படும். இரு எண்களின் கூட்டுத்தொகையும் அவற்றுள் ஒன்றும் தெரிந்தால் மற்றையதைக் காணலாமன்றோ? அவ்வாறே ஒரு தட்டு இழந்தாலும் ஏனையவற்றிலிருந்து அதனைக் கணித்துக்கொள்ளலாம். இரண்டு இழந்தால் இயலாது.

இத்தகைய கூட்டத்தில் ஒரு தட்டை மட்டும் எடுத்து வேறொரு கணினியிற் பூட்டினால், ஒன்றுவிட்ட ஒரு சீரைக் கொண்ட செய்யுள்போலப் பொருளற்ற துண்டங்களே தோன்றும். தட்டுக்கள் அனைத்தையும் ஒருசேரக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் விம்பம் எடுத்து, பின்னர் அவ்விம்பங்களைக் கூட்டுதல் வேண்டும். கூட்டும்போது 'இருப்பதை இணை' என்னும் ஆணை வேறு. 'புதிதாக ஆக்கு' என்னும் ஆணை வேறு. பின்னையது தட்டுக்களின் தலைப்புக் குறிப்புக்களை மாற்றி எழுதிவிடும். கருவியறியாதார் இவ்விரண்டையும் மயங்கக் கொள்வதனாலேயே பல சேவையகங்கள் மீளாது போயின. கூட்டியது மென்பொருளாயின் எந்த லினக்ஸ் கணினியிலும் இணைக்கலாம். தனி அட்டையாயின் அதே வகை அட்டை ஒன்றைத் தேடிப் பெறுதல் எளிய வழி.

மறைகுறியாற் பூட்டிய தட்டின் நிலை வேறு. விண்டோஸின் 'பிற்லொக்கர்' முறையில், திறவுகோல் பெரும்பாலும் பழைய தாய்ப்பலகையோடு பிணைந்திருக்கும். அத்தட்டை வேறு கணினியிற் பூட்டியவுடன் 48 இலக்கமுடைய மீட்புத் திறவெண் கேட்கப்படும். அவ்வெண் இல்லையேல் தட்டு முற்றும் நலமாயிருப்பினும் ஓர் எழுத்தும் வெளிவாராது. அதனை அதே சேவையகத்தில் ஒரு கோப்பாக எழுதி வைத்தல், பெட்டகத்தின் திறப்பைப் பெட்டகத்தினுள் வைத்துப் பூட்டுதல் போலாம். தாளில் எழுதி, அதிபரின் பாதுகாப்பிலோ சங்கச் செயலாளரின் பாதுகாப்பிலோ வைத்தலே தக்கது.

எழுத்து மீண்டும் வாசிக்க இயலாமை

கோப்புக்கள் மீண்டன என்று மகிழ்வோர்க்கு மற்றொரு தடை காத்திருக்கின்றது. தமிழாசிரியர் என்ற முறையில் இதனைச் சற்று விரித்துரைத்தல் என் கடமை.

ஈழத்திற் கணினியிலே தமிழைப் பொறித்தோர் நெடுங்காலமாகப் 'பாமினி' என்னும் எழுத்துருவைப் பெருவழக்காகக் கையாண்டனர். அதன் அமைப்பில் தட்டிற் பதிவன தமிழெழுத்துக்கள் அல்ல, ஆங்கில விசைக்குறிகளே. 'அம்மா' என்னும் சொல், ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே பதியும். பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அவை 'அம்மா' என்று தோன்றும். அஃது இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தோன்றும். ஆகவே பழைய சேவையகத்தின் தட்டை இன்றைய கணினியிற் பூட்டித் திறப்போர், கோப்புச் சிதைந்துவிட்டது எனத் தவறாக எண்ணி அதனை எறிந்துவிடுதல் கூடும். அது சிதைவன்று, வாசிக்கும் மரபை இழந்தமையே.

1991 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்குரியன. அவற்றுள் 'அ' என்பதன் எண் 2949. உலகின் எக்கணினியிலும் அவ்வெண் 'அ' என்றே பொருள்படும். பாமினியிற் பதிந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. ஆயின் ஒரு செய்தியை மனங்கொள்ளுதல் வேண்டும். உரையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் வந்திருப்பின், மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழென்று கருதிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். சொற்செயலி ஆவணத்தில் எழுத்துருவின் பெயரும் உடன் பதிந்திருப்பதால் வேறுபாடு காணலாம். வெறும் உரைக்கோப்பிலும் தரவுத்தளத்திலும் அவ்வடையாளம் இல்லை. எனவே மாற்றியதை மொழியறிந்தவர் ஒருவர் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தல் வேண்டும். ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர் பணி இன்றும் ஒழிந்தபாடில்லை.

தரவுத்தளத்துக்கும் இதுபோன்றதொரு மரபு உண்டு. புள்ளிகளும் இடாப்புக்களும் 'மைஎஸ்கியூஎல்' அல்லது 'மரியாடிபி' போன்ற தரவுத்தள மென்பொருளில் இருந்திருப்பின், ஒரு கோப்பை மட்டும் எடுத்தல் போதாது. அதன் கோப்புறை முழுவதையும் ஒருசேரப் பெயர்த்து, பழைய சேவையகத்தில் இருந்த அதே பதிப்பு மென்பொருளைப் புதிய கணினியில் நிறுவி, அதனைக்கொண்டே திறத்தல் வேண்டும். திறந்தபின் பொதுவடிவில் ஏற்றுமதி செய்து வைத்தால் இனி எப்பதிப்பிலும் வாசிக்கலாம்.

வானிலிருந்து வீழ்ந்த தட்டு

இம்முறைகள் எவ்வளவு தூரம் பயன் தரும் என்பதற்குச் சான்றாக ஒரு வரலாற்றைக் கூறுவாம். 2003 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் விண்ணிற் செலுத்தப்பட்ட 'கொலம்பியா' என்னும் அமெரிக்க விண்ணோடம், பெப்ரவரி 1 ஆம் நாள் மீளும்போது வானிலே சிதைந்தது. இந்தியாவிற் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு விண்வெளி வீரரும் உயிர் துறந்தனர். அவ்வோடத்தில், செனன் என்னும் வாயுவின் பாகுநிலையை ஆராயும் சோதனையொன்று நடைபெற்றது. அதன் பெறுபேறுகளில் ஒரு பகுதி பயணத்தின்போதே பூமிக்கு அனுப்பப்பட்டது. எஞ்சியவை ஒரு வன்தட்டில் இருந்தன.

ஏறக்குறைய ஆறு மாதம் கழிந்தபின் அத்தட்டுச் சிதைவுகளினிடையே கண்டெடுக்கப்பட்டது. அதன் புறம் கருகியிருந்தது. காப்புறை உருகி உள்ளே மண் புகுந்திருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து 'ஒன்ட்ராக்' என்னும் மீட்பு நிறுவனத்தார் தகடுகளைக் கழற்றித் துப்புரவு செய்து, நலமான வேறொரு வன்தட்டின் உடலிற் பொருத்தி வாசித்தனர். ஏறக்குறைய நூற்றுக்கு 99 பங்கு மீண்டது. அதற்கு ஏதுவாயிற்று ஒரு சிறு செய்தி: அக்கணினி 'டொஸ்' என்னும் பழைய முறைமையில் இயங்கியது. அம்முறைமை எழுத்தைத் தட்டெங்கும் சிதற விடாது ஒருபுறமாக எழுதிச் சென்றமையால், பழுதுற்ற இடங்கள் பெரும்பாலும் எழுதப்படாத பகுதியாகவே அமைந்தன. அச்சோதனையின் முடிவு 2008 ஆம் ஆண்டில் ஓர் இயற்பியல் ஆய்விதழில் வெளியாயிற்று. அதே ஓடத்திலிருந்து கிடைத்த வேறு தட்டுக்களிலிருந்து ஒன்றும் பெற இயலவில்லை என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். மீட்புக் கலை வல்லதே. ஆயினும் எல்லாம் வல்லதன்று.

முடிவுரை

மீண்ட கோப்புக்களை உரியோரிடம் ஒப்படைக்குமுன் இரண்டு வேலைகள் எஞ்சியுள்ளன. ஒன்று சரிபார்த்தல். ஒரு கோப்பிலிருந்து கணித்துப் பெறும் 64 குறியுடைய 'ஷா-256' என்னும் முத்திரையை மூலவிம்பத்திலும் பெயர்த்த பிரதியிலும் ஒப்பிட்டால், ஓர் எழுத்து மாறியிருப்பினும் அது காட்டிக்கொடுக்கும். மற்றையது, இத்துன்பம் மீண்டும் நேராவண்ணம் காத்தல். மூன்று பிரதிகள், இருவகைப் பொருள்களில், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்பது இத்துறையார் கொண்ட எளிய விதி.

'வேறு ஊரில்' என்னும் அச்சொல்லின் பொருளை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் தொடங்கிய கொடுமையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அச்சிட்ட நூலுக்கு உலகில் வேறிடத்திற் பிரதி கிடைத்தது. பிரதி செய்யப்படாத ஏட்டுக்கு எந்தக் கலையும் உதவவில்லை. இன்று வன்தட்டிற் கிடக்கும் நம் இடாப்புக்களும் நினைவுகளும் பிரதி செய்யப்படாத ஏடுகளே.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் கணினித் துறையிலே வல்லுநராய்ப் பல நாடுகளில் வாழ்கின்றனர். கல்லூரிக்குப் புதிய கணினி வாங்கித் தருதல் நற்பணி என்பதில் ஐயமில்லை. அதனோடு, ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வரும்போது, சேவையகத்தின் காப்புப்பிரதி ஒன்றை எடுத்து வேறொரு கணினியிற் பூட்டி, அது திறக்கின்றதா, தமிழ் தமிழாகத் தோன்றுகின்றதா என்று ஒருநாட் பொழுது சோதித்துத் தருவாராயின், அது பணச் செலவில்லாத பெருங்கொடையாகும். திறந்து பார்க்கப்படாத பிரதியைப் பிரதி என்று நம்புதல் கூடாது. இவ்விழாமலரின் பக்கங்களும் அச்சேறுமுன் ஒரு வன்தட்டிலேயே இருந்தன. அவையும் மூன்றாகப் பெயர்க்கப்பட்டு அடுத்த விழாவிலும் வாசிக்கப்படுவனவாக.

கல்லூரித் தாய் நீடு வாழ்க!